ஆங்கிலத்தின் வட்டார வழக்குகளை ஆராய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் என்றால் நமக்குப் பாடப்புத்தகமும் செய்தி வாசிப்பும்தான். ஆனால் இங்கிலாந்துக்குள்ளேயே முப்பது மைல் தாண்டினால் ரொட்டிக்கு வேறு பேர், சந்துக்கு வேறு பேர். இதையெல்லாம் யார் தேடிப் பிடித்தார்கள், எப்படிப் பிடித்தார்கள், நாமும் தேடலாமா என்று மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே. பெரும்பகுதி இங்கிலாந்தைப் பற்றியது. அமெரிக்காவும் கொஞ்சம் வரும்.

உச்சரிப்பு வேறுபாடும் வட்டார வழக்கும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. குளியலைக் குறிக்கும் சொல்லை இங்கிலாந்தின் தெற்கத்தியர் 'பாத்' என்று நீட்டுவார்கள், வடக்கத்தியர் குறிலாகச் சொல்வார்கள். சொல் ஒன்றுதான், ஒலிதான் மாறுகிறது. அது உச்சரிப்பு. மாட்டுத் தொழுவத்தை வடகோடியில் 'பயர்' என்றும், லங்காஷயரில் 'ஷிப்பன்' என்றும், மேற்கு யார்க்‌ஷயரில் 'மிஸ்டல்' என்றும் சொன்னால் அது வட்டாரச் சொல். இலக்கணமும் மாறும். நீ, நீங்கள் என்ற வேறுபாட்டைப் பொது ஆங்கிலம் எப்போதோ தொலைத்துவிட்டது. ஆனால் யார்க்‌ஷயர் கிராமத்துப் பெரியவர்களிடம் 'தா' என்ற ஒருமைச் சொல் இருபதாம் நூற்றாண்டிலும் புழக்கத்தில் இருந்தது. பெரியவர்களைப் பிள்ளைகள் 'தா' போட்டுப் பேசினால் அடி விழும். நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்த ஆராய்ச்சியை யார் தொடங்கியது?

முறையான தொடக்கம் என்றால் 1873. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வால்டர் ஸ்கீட் அந்த வருஷம் ஆங்கில வட்டார வழக்குச் சங்கத்தை ஆரம்பித்தார். ஊர் ஊராகப் பாதிரியார்களும் பள்ளி ஆசிரியர்களும் எழுதி அனுப்பிய சொற்பட்டியல்களை அச்சிட்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெரிய அகராதி போட வேண்டும் என்பதுதான் எண்ணம். தேவையான சரக்கு சேர்ந்ததும் சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள். வேலை முடிந்ததென்று தானே கலைந்துபோகிற சங்கம் எங்கும் அபூர்வம்.

அந்த அகராதியை முடித்தவர் ஜோசப் ரைட். 1855-ல் பிராட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் பிறந்தவர். ஆறு வயதில் கல்குவாரியில் கழுதை வண்டி ஓட்டினார், ஏழு வயதில் சால்ட்டேர் நூற்பாலையில் நூல்கண்டு மாற்றும் வேலைக்குப் போனார். பதினைந்து வயது வரை எழுதப் படிக்கத் தெரியாது. கூட வேலை செய்தவர்கள் பிரான்சு–பிரஷ்யா போர்ச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து வாசிப்பதைக் கேட்டு, நாமும் படிக்க வேண்டும் என்று ஆசை வந்ததாம். அங்கிருந்து ஹைடல்பெர்க்கில் முனைவர் பட்டம், பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியர். 1892-ல் தன் சொந்த ஊரான விண்ட்ஹில்லின் பேச்சுக்கு ஒரு இலக்கணம் எழுதினார். 1898-லிருந்து 1905-க்குள் ஆறு தொகுதிகளாக வட்டார வழக்கு அகராதி வெளிவந்தது. வீட்டில் பேசிய மொழியே ஆராய்ச்சிப் பொருள் என்பதால், அவர் பக்கங்களில் கிராமத்தான் பேச்சை வேடிக்கை பார்க்கும் தொனி இருக்காது. பாதிரியார்கள் அனுப்பிய பட்டியல்கள் பலவற்றில் அது இருக்கும்.

பாதிரியார்கள் எழுதி அனுப்பியதை நம்பலாமா?

பாதி நம்பலாம். ஒரு சொல் அந்த ஊரில் இருந்தது என்பதற்கு அது சாட்சி. அதை யார் சொன்னார்கள், எத்தனை பேர் சொன்னார்கள், எப்படி உச்சரித்தார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை. அப்புறம் இன்னொரு சிக்கல்: படித்தவர் காதில் விநோதமாகப் பட்ட சொல்தான் பட்டியலில் ஏறும். சாதாரணமாகத் தோன்றிய சொல் ஏறாது. எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் கேட்டவர் யார், பதில் சொன்னவர் யார், கேள்வி என்ன என்ற மூன்றையும் முதலில் தேடுங்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

லீட்ஸ் கணக்கெடுப்பு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்டு ஆர்ட்டனும் சூரிச்சின் ஆய்கன் டீத்தும் திட்டமிட்ட ஆங்கில வட்டார வழக்குக் கணக்கெடுப்பு. களப்பணி 1950-லிருந்து 1961 வரை நடந்தது. 313 ஊர்கள், ஒவ்வொன்றிலும் 1,300-க்கும் மேற்பட்ட கேள்விகள். பண்ணை, பயிர்த்தொழில், விலங்குகள், இயற்கை, வீடு, உடம்பு என்று ஒன்பது பிரிவுகள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. போருக்குப் பிறகு டிராக்டர் வந்துவிட்டது. குதிரை பூட்டி உழுதவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள். ஏரின் உறுப்புகளுக்கும் சேணத்தின் வார்களுக்கும் பேர் தெரிந்த கடைசித் தலைமுறை அதுதான்.

களப்பணியாளர்களில் ஸ்டான்லி எல்லிஸ் தனி ரகம். மனைவியோடு கேரவனில் குடியிருந்தபடியே ஊர் ஊராகப் போனவர். மொத்த ஊர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவர் ஒருவரே முடித்தார். ஒரு ஊரின் கேள்விகளை ஒரு நாளில் முடிக்க முடியாது; பல நாள் உட்கார வேண்டும், பெரும்பாலும் இரண்டு மூன்று பேரிடம் பிரித்துத்தான் கேட்க முடியும். எல்லாவற்றையும் ஒலிக்குறியீட்டில் அங்கேயே கையால் எழுத வேண்டும். அந்தக் காலத்து ஒலிப்பதிவுக் கருவி தூக்கிச் சுமக்கிற எடை, மின்சாரமும் எல்லா வீட்டிலும் கிடையாது. அதனால் பதிவான ஒலி கொஞ்சம்தான், கையெழுத்து ஏராளம்.

கேள்வியை எப்படிக் கேட்டார்கள்? நேராகக் கேட்டால் போதாதா?

போதாது. 'மரச் சிராயை நீங்கள் ஸ்ப்ளின்டர் என்றா சொல்வீர்கள்?' என்று கேட்டால் கேள்வியிலேயே பதிலைக் கொடுத்துவிட்டீர்கள். எதிரே இருப்பவர் பல்கலைக்கழக ஆள் சொன்ன சொல்தான் சரியான சொல் என்று நினைத்துத் தலையாட்டிவிடுவார். அதனால் சொல்லைச் சொல்லாமல் கேட்க வேண்டும்.

லீட்ஸ் கேள்வித்தாளில் இதற்கு ஐந்து வழிகள் இருந்தன. பொருளையோ படத்தையோ காட்டி 'இதற்கு என்ன பேர்?' என்பது ஒன்று. வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவது இன்னொன்று: 'தேநீர் இனிக்க அதில் போடுவது...' என்று இழுத்தால் அவர் முடித்துவைப்பார். வினைச்சொற்களுக்கு, ஒரு வடிவத்தைச் சொல்ல வைத்து அதையே நேற்று நடந்ததாக மாற்றச் சொல்வார்கள். சில இடங்களில் பேசவிட்டு விடுவார்கள், உதாரணமாக வெண்ணெய் எடுப்பதைச் சொல்லுங்கள் என்பார்கள். கடைசி வழி தலைகீழ்: சொல்லைக் கொடுத்துப் பொருளைக் கேட்பது. ஒரே சொல் ஊருக்கு ஊர் வேறு பொருள் தரும் இடங்களில்தான் இது.

'தேநீர் இனிக்க' என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரே பதில்தானே சொல்வார்கள், அதை ஏன் கேட்க வேண்டும் என்று தோன்றும். சர்க்கரைக்கு இருக்கும் சொல்லைத் தேடி அந்தக் கேள்வி இல்லை. அந்தச் சொல்லின் முதல் உயிரொலியை எப்படி உச்சரிக்கிறார் என்பதற்கான பொறி அது. கேள்வித்தாளில் இப்படி ஒளிந்திருக்கும் ஒலிப் பொறிகள் நிறைய.

ஏன் கிழவர்களை மட்டும் கேட்டார்கள்?

மிகப் பழைய பேச்சு வேண்டும் என்பதால். அறுபது தாண்டியவர், அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர், வெளியூர் அதிகம் போகாதவர், பல் விழாதவர். பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் பண்ணை வேலையாட்கள். பிற்காலத்தில் மொழியியலாளர்கள் ஜாக் சேம்பர்ஸும் பீட்டர் ட்ரட்கிலும் இதற்கு 'நார்ம்' என்று சுருக்கப் பேர் வைத்தார்கள். இடம்பெயராத, வயதான, கிராமத்து ஆண் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை.

குறை வெளிப்படையானது. 1950-களிலேயே இங்கிலாந்து மக்களில் பெரும்பாலோர் நகரவாசிகள். 313 ஊர்களில் லீட்ஸ், ஷெஃபீல்டு, யார்க், லண்டனின் ஹாக்னி என்று நகரப் பகுதிகள் நான்குதான். ஆக அந்த வரைபடங்கள் இங்கிலாந்து எப்படிப் பேசியது என்று காட்டவில்லை. விக்டோரியா காலத்தில் பிறந்த கிராமத்து ஆண்கள் எப்படிப் பேசினார்கள் என்று காட்டுகின்றன. அப்படிப் படித்தால் அவற்றுக்கு இணையே இல்லை.

வரைபடத்தில் இருக்கும் கோடுகள் உண்மையா?

அரை உண்மை. ஒரு சொல் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தை இணைத்து வரைவதை வழக்கெல்லைக் கோடு என்கிறோம். நிஜத்தில் கோட்டின் இருபுறமும் இரண்டு சொல்லும் கலந்து கிடக்கும். இரண்டு ஊர்களுக்கு நடுவே கோடு எங்கே போக வேண்டும் என்பது வரைபவரின் கைக்கு விட்டது.

ஆனாலும் சில கோடுகள் ஆச்சரியப்படுத்தும். பிள்ளைகள் 'விளையாடுவது' என்பதற்கு வடக்கு இங்கிலாந்தில் 'லேக்' என்று சொல்லும் பகுதி இருக்கிறது. அது பழைய நார்ஸ் மொழிச் சொல். ஒன்பதாம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் குடியேறிய நிலப்பரப்போடு இதுமாதிரிச் சொற்களின் வரைபடத்தை ஒட்டிப் பார்த்தால், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய குடியேற்றம் பண்ணையாளின் வாயில் மிச்சமிருப்பது தெரியும்.

அமெரிக்காவில் எப்படிச் செய்தார்கள்?

இன்னும் பெரிய அளவில். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஃப்ரெடெரிக் காசிடி, ஜமைக்காவில் பிறந்தவர், அமெரிக்க வட்டார ஆங்கில அகராதிக்காக 1965-லிருந்து 1970 வரை களப்பணியாளர்களை அனுப்பினார். அவர்கள் போன வண்டிகளுக்குச் 'சொல் வண்டி' என்று பேர். 1,002 ஊர்கள், 2,777 தகவலாளிகள், கேள்வித்தாளில் 1,847 கேள்விகள். கட்டிலுக்கு அடியில் உருண்டு சேரும் தூசிக்கு என்ன பேர் என்றுகூட ஒரு கேள்வி இருந்தது. அதற்கு வந்த பதில்களில் முயல்குட்டியும் பூனைக்குட்டியும் உண்டு, இங்கே எழுத முடியாதவையும் உண்டு.

முதல் தொகுதி 1985-ல் வந்தது. காசிடி 2000-ல் இறந்தார். ஐந்தாம் தொகுதி, அதாவது கடைசி எழுத்து வரை, 2012-ல்தான் முடிந்தது. ஜோன் ஹூஸ்டன் ஹால் அதை முடித்துவைத்தார். இந்த அகராதியின் வரைபடங்களில் மாநிலங்கள் மக்கள்தொகைக்கு ஏற்ப ஊதியோ சுருங்கியோ இருக்கும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு அச்சுப் பிழை மாதிரித் தெரியும், பழகிக்கொள்ளுங்கள்.

நகரத்துப் பேச்சை யாருமே ஆராயவில்லையா?

அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் வந்தபிறகு துறையே திரும்பிப் பார்த்தது. 1962-ல் நியூயார்க்கின் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார்: பணக்காரர்களின் சாக்ஸ், நடுத்தரமான மேசிஸ், மலிவான க்ளைன். எந்தப் பொருள் நான்காம் மாடியில் இருக்கிறதோ அது எங்கே என்று விற்பனையாளரிடம் கேட்பார். நான்காம் மாடி என்பதற்கான 'ஃபோர்த் ஃப்ளோர்' என்ற பதிலில் 'ர்' ஒலி வரும் இடங்கள் இரண்டு உண்டு. காது கேளாதவர்போல மறுபடி கேட்பார். இரண்டாம் முறை நிதானமாகச் சொல்வார்கள். பிறகு மூலைக்குப் போய்க் குறித்துக்கொள்வார். கடையின் தகுதி ஏற ஏற 'ர்' ஒலி கூடியது. ஒருமுறையாவது அதை ஒலித்தவர்கள் சாக்ஸில் 62 சதவீதம், மேசிஸில் 51, க்ளைனில் 20.

பேசியவருக்குத் தான் ஆராயப்படுவதே தெரியாது. இன்று எந்தப் பல்கலைக்கழக நெறிக்குழுவிடமும் இதற்கு அனுமதி வாங்கக் கொஞ்சம் போராட வேண்டியிருக்கும்.

சொல் சேகரிப்பதால் யாருக்கு என்ன லாபம்?

மொழி வரலாற்றுக்கு உதவும், நடிகர்களுக்கு உதவும் என்பதெல்லாம் சரி. கொலை வழக்குக்குக்கூட உதவியிருக்கிறது, உதவாமலும் போயிருக்கிறது.

அமெரிக்கக் கதை சின்னது. ஆள்கடத்தல் வழக்கு ஒன்றில் வந்த மிரட்டல் கடிதத்தில், பணத்தை 'டெவில் ஸ்ட்ரிப்'பில் வைக்கும்படி எழுதியிருந்தது. நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே உள்ள புல்பட்டைக்கு அப்படிப் பேர் சொல்வது ஒஹையோவின் ஆக்ரன் நகர வட்டாரத்தில். எழுத்துப் பிழைகள் வேண்டுமென்றே போட்டவைபோல இருப்பதையும் மொழியியலாளர் ரோஜர் ஷை கவனித்தார். சந்தேகப் பட்டியலில் ஆக்ரனைச் சேர்ந்த படித்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். ஒருவர் இருந்தார். அவரே குற்றவாளி.

இங்கிலாந்துக் கதை வேதனையானது. யார்க்‌ஷயரில் பெண்கள் தொடர்ந்து கொல்லப்பட்டுக்கொண்டிருந்த சமயம், 1979 ஜூனில், தானே கொலைகாரன் என்று சொல்லும் ஒலிநாடா ஒன்று போலீசுக்கு வந்தது. கேரவனில் ஊர் சுற்றிய அதே ஸ்டான்லி எல்லிஸை அழைத்தார்கள். குரல் சண்டர்லாண்டின் காசில்டவுன் பக்கத்தைச் சேர்ந்தது என்று அவர் சொன்னார். போலீஸ் அந்த வட்டாரத்தையே சல்லடை போட்டது. அந்த உச்சரிப்பு இல்லாதவர்களைச் சந்தேகத்திலிருந்து விடுவித்தும் விட்டது. பேசியவன் கொலைகாரனாக இல்லாமல் இருக்கலாம் என்று எல்லிஸும் அவரோடு வேலை செய்த ஜாக் விண்ட்சர் லூயிஸும் எச்சரித்ததை மேலிடம் எடுத்துக்கொள்ளவில்லை. நாடா வந்தபிறகு இன்னும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். 1981 ஜனவரியில் பிடிபட்ட பீட்டர் சட்கிளிஃப் யார்க்‌ஷயர்காரன். நாடாவில் பேசிய ஏமாற்றுக்காரன் 2005-ல் மரபணுச் சோதனையில் சிக்கினான். சண்டர்லாண்டுக்காரன்தான், எல்லிஸ் காட்டிய இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவன். குரலின் ஊரைக் காது சரியாகச் சொன்னது. அந்தக் குரல் யாருடையது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டதுதான் விபரீதம்.

வட்டார வழக்கு அழிந்துகொண்டிருக்கிறதா?

பண்ணைச் சொற்கள் அழிகின்றன, பண்ணை வேலையே மாறிவிட்டதே. கேம்பிரிட்ஜ், சூரிச், பெர்ன் ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் ஒரு கைபேசிச் செயலி வெளியிட்டார்கள். 26 கேள்விகள், லீட்ஸ் கணக்கெடுப்போடு ஒப்பிடும்படி அமைத்தவை. சில மாதங்களில் 30,000-க்கும் மேற்பட்டோர் பதில் தந்தார்கள். இலையுதிர் காலத்துக்கு 'பேக் எண்ட்' என்று சொல்வது ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பரவலாக இருந்தது. இப்போது சொல்பவர்கள் வெகு சிலர். மரச் சிராய்க்கு இருந்த பல பேர்களும் போய் 'ஸ்ப்ளின்டர்' நாடெங்கும் பரவிவிட்டது. நியூகாசில், சண்டர்லாண்டு, மிடில்ஸ்பரோ பக்கம் மட்டும் 'ஸ்பெல்க்' விட்டுக்கொடுக்காமல் நிற்கிறது.

அதே நேரத்தில் அன்றாடம் புழங்கும் சொற்கள் சாவதாக இல்லை. இரண்டு வீடுகளுக்கு இடையிலான சந்து லீட்ஸில் 'கின்னல்', ஷெஃபீல்டில் 'ஜெனல்', சசெக்ஸில் 'ட்விட்டன்', லெஸ்டர் பக்கம் 'ஜிட்டி', ஹல்லில் வண்டி போகிற அளவு இருந்தால் 'டென்ஃபுட்'. வட்ட ரொட்டி மான்செஸ்டரில் 'பார்ம்', கவன்ட்ரியில் 'பேட்ச்', நாட்டிங்காமில் 'காப்'. இந்த ரொட்டி விவகாரத்தில் ஆங்கிலேயர்கள் காட்டும் பிடிவாதத்தைப் பார்த்தால் இன்னும் நூறு வருஷத்துக்குக் கவலையில்லை. கூடவே புதிய வழக்குகளும் பிறக்கின்றன. கரீபியன், தெற்காசிய, ஆப்பிரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் சேர்ந்து வளர்ந்ததில் லண்டனில் உருவான பேச்சை ஆராய்கிறவர்கள் இப்போது ஏராளம்.

இணையத்தில் வரும் 'நீங்கள் எந்த ஊர்?' வினாடி வினாக்களை நம்பலாமா?

பொழுதுபோக்குக்குத் தாராளமாக. 2013-ல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது அந்த ஆண்டில் அவர்கள் தளத்தில் மிக அதிகம் பார்க்கப்பட்ட பக்கமாகவே ஆனது. அதற்கு அடிப்படை மொழியியலாளர் பெர்ட் வோக்ஸின் கணக்கெடுப்பு. எண்ணிக்கை பெரியது என்பது பலம். தான் என்ன சொல்கிறோம் என்று மனிதர்கள் நினைப்பதும் உண்மையில் சொல்வதும் வேறு என்பது பலவீனம். சொல்லுக்குப் பரவாயில்லை, ஒலிக்கு ஆகாது.

இந்திய ஆங்கிலத்தையும் வட்டார வழக்கு என்று ஆராயலாமா?

ஆராய்கிறார்கள். ஆனால் இரண்டாம் மொழியாக வளர்ந்த வகை என்பதால் கேள்விகள் வேறு. உலக ஆங்கில வகைகளின் இலக்கணக் கூறுகளைத் திரட்டி 'ஈவேவ்' என்ற இலவச இணைய வரைபடம் இருக்கிறது. எழுபதுக்கும் மேற்பட்ட வகைகள், அதில் இந்திய ஆங்கிலமும் இலங்கை ஆங்கிலமும் உண்டு.

நானே ஒரு சின்ன ஆய்வு செய்ய வேண்டும். எங்கே தொடங்குவது?

முதலில் ரைட்டின் அகராதி. இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகம் அதை இணையத்தில் தேடும்படி செய்திருக்கிறது. மாவட்டம் வாரியாகக்கூடத் தேடலாம். பிறகு லீட்ஸ் கணக்கெடுப்பில் சேர்ந்த தரவுகள், அந்தக் காலத்து ஒலிப்பதிவுகள் உட்பட.

சொந்தமாகச் சேகரிப்பதென்றால் பத்துச் சொல்லுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். சந்து, ரொட்டி, சிராய், இடக்கை, பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தக் கத்தும் சொல் ஆகியவை நன்றாகப் பலன் தருபவை. கடைசியைப் பற்றி, பள்ளிப் பிள்ளைகளின் பேச்சைச் சேகரித்த ஐயோனா, பீட்டர் ஓப்பி தம்பதி 1959-லேயே வரைபடம் போட்டார்கள்: லண்டனில் 'ஃபெய்னைட்ஸ்', வடகிழக்கில் 'ஸ்கின்ச்', மேற்கே 'பார்லி', கிழக்கே 'கிங்ஸ்'. கேள்வியைப் பொருளாகக் கேளுங்கள், சொல்லாகக் கேட்காதீர்கள். பிபிசி 2004, 2005-ல் செய்த மாதிரி, எதற்கெல்லாம் பேர் வேண்டும் என்று எழுதிய தாளைக் கொடுத்து நண்பர்கள் சிலரை ஒன்றாகப் பேசவிடுவது இன்னும் நல்லது. ஒருவர் சொல்ல மற்றவர் மறுக்கும்போதுதான் நல்ல சரக்கு வரும்.

பிறந்த ஊரை மட்டும் குறித்தால் போதாது. பள்ளி வயதில் எங்கே இருந்தார், பெற்றோர் எந்த ஊர், இப்போது வயது என்ன என்பதும் வேண்டும். ஒலிப்பதிவுக்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

ஒருவரே இரண்டு சொல் சொன்னால் எதை எழுதுவது?

இரண்டையும், சொன்ன வரிசையில். அப்புறம் எதை யாரிடம் சொல்வார் என்று கேளுங்கள். பேத்தியிடம் 'ஸ்ப்ளின்டர்' என்றும் தம்பியிடம் 'ஸ்பெல்க்' என்றும் ஒருவர் சொன்னால், அந்தக் குறிப்பையும் அதே வரியில் எழுதிவிடுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அடிக்கும் உரிமை சேகரிப்பவருக்குக் கிடையாது.